தாமிரபரணியின் படித்துறைகளை விடுமுறை மக்களுக்குத் திறந்து கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்த ஆண்டு காணும் பொங்கலன்று அகத்தியர் அருவிக்குப் போகும் வழியில், பாபநாசம் மலையடிவாரத்தில், வேன்களும் கார்களும் இருசக்கர வாகனங்களும் கண்ணுக்கெட்டிய தூரம் வரிசையாக நின்றதைப் பார்த்தேன். சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்திருந்த ஒரு குடும்பம், மூன்று மணி நேரம் காத்திருந்துவிட்டு, அதற்கு மேல் பிள்ளைகள் பசி தாங்காது என்று சாலையோரத்தில் ஒரு மின்கம்பத்தின் அடியில் தார்ப்பாயை விரித்துப் புளியோதரைப் பொட்டலங்களைப் பிரித்தது. அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் தாமிரபரணி ஓடுகிறது. மருத மரங்களின் நிழல் இருக்கிறது. கல்லில் கட்டிய ஒரு படித்துறையும் இருக்கிறது. அங்கே போகலாம் என்று அவர்களுக்குச் சொல்ல ஒரு பலகைகூட இல்லை. நானே போய்ச் சொன்னேன். குடும்பத்துப் பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "அங்க இறங்கலாமாய்யா, ஆழம் இருக்குமே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்கு அரசு விடை சொல்லவேண்டும் என்று கேட்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் அஞ்சல் துறையில் 32 ஆண்டுகள் தபால்காரராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் வட்டாரத்து ஆற்றங்கரை ஊர்களுக்கு மிதிவண்டியிலேயே தபால் கொண்டுபோனவன் என்பதால், எந்த ஊரில் எத்தனை படித்துறை, எந்தத் துறையில் எத்தனையாவது படி உடைந்திருக்கிறது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். வெயில் நேரத்தில் வேலை முடித்துத் திரும்பும்போது வண்டியைக் கல்மண்டபத்தில் சாய்த்துவிட்டு முகம் கழுவாமல் நான் வீடு சேர்ந்த நாள் மிகக் குறைவு.

பொதிகை மலையில் தோன்றி, சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் இந்த ஆறு, தமிழ்நாட்டிலேயே பிறந்து தமிழ்நாட்டிலேயே கடல் சேரும் வற்றாத ஆறு என்பதை நம் பிள்ளைகள் பாடத்தில் படிக்கிறார்கள். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இதற்குத் தண்ணீர் தருகின்றன. அதனால்தான் இந்தச் சமவெளியில் கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் விளைகிறது. ஆற்றை மறித்துக் கட்டிய பழைய அணைக்கட்டுகள், கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று தொடங்கி மருதூர், ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு. ஒவ்வோர் அணைக்கட்டிலிருந்தும் பிரியும் கால்வாய், அதன் கரையில் நிற்கும் மரங்கள், கரையை ஒட்டிய வயல், வயலுக்குப் பின்னால் நீல நிறத்தில் மலை: வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஒரு நாள் ஓய்வுக்காகத் தேடி வருவது இதைத்தான். ஆனால் அவர்களுக்கு நாம் காட்டுவதோ இரண்டே இரண்டு இடங்கள். ஒன்று அகத்தியர் அருவி, இன்னொன்று மணிமுத்தாறு அருவி. இரண்டும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் எல்லைக்குள் இருக்கின்றன. 1988 முதல் புலிகளுக்கென்று காக்கப்படும் காடு அது. விடுமுறை நாளில் அத்தனை கூட்டத்தையும் அந்தக் காட்டின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது காட்டுக்கும் நல்லதல்ல, நாள் முழுவதும் வெயிலில் காய்ந்து ஐந்து நிமிடம் அருவியில் தலையைக் காட்டிவிட்டுத் திரும்பும் மக்களுக்கும் நல்லதல்ல.

எங்கள் பகுதியில் பொழுதைக் கழிக்க ஆற்றுக்குப் போவது நேற்று வந்த பழக்கமில்லை. ஆடிப்பெருக்கன்று எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு என்று கட்டி எடுத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகக் கரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மார்கழி முழுவதும் வாசலில் சாணப் பிள்ளையாருக்குச் சூட்டிய பூசணிப் பூக்களை எங்கள் பெண் பிள்ளைகள் வரட்டியாகத் தட்டிச் சேர்த்து வைத்திருந்து, தை மாதத்தில் சிறுவீட்டுப் பொங்கலன்று அவற்றின் மேல் சூடம் ஏற்றி ஆற்றில் விடுவார்கள். என் தங்கை விட்ட வரட்டி எதிர்க்கரை நாணலில் போய்ச் சிக்கிக்கொண்டு, அணையாமல் வெகுநேரம் எரிந்துகொண்டிருந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. தைப்பூசம், ஆடி அமாவாசை, ஊர்க்கோயில் தீர்த்தவாரி என்று ஆற்றில் கூடுவதற்கு ஆண்டு முழுவதும் நாள்கள் இருந்தன. அந்தக் கூட்டத்துக்காகத்தான் முன்னோர்கள் ஊருக்கு ஊர் படித்துறை கட்டினார்கள், வழிப்போக்கர் தங்குவதற்கு மண்டபம் எழுப்பினார்கள். இன்றைக்குச் சுற்றுலா வசதி என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதை அவர்கள் கல்லில் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அந்தப் படித்துறைகள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதைச் சொல்கிறேன். நான் அடிக்கடி போகும் ஒரு துறையில் பதினான்கு படிகள். மேல் ஆறு படிகளை மண் மூடிவிட்டது. அதன் மேல் சீமைக்கருவேல் முளைத்து, முள் கால் வைக்க விடுவதில்லை. நடுப்படிகளில் இரண்டு பெயர்ந்து சாய்ந்திருக்கின்றன. கடைசிப் படிக்குக் கீழே, முன்பு இடுப்பளவு தண்ணீரில் மணல் தட்டுப்பட்ட இடத்தில் இப்போது கால் எட்டுவதில்லை. பக்கத்திலுள்ள மண்டபத்தில் நான்கு தூண்கள் நிற்கின்றன. கூரைக் கல்லைப் பிளந்துகொண்டு ஓர் அரசங்கன்று ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. மண்டபத்தின் உள்ளே தரை தெரியாத அளவுக்கு உடைந்த புட்டிகள். 2018-ஆம் ஆண்டு அக்டோபரில், பக்தர்கள் ஆற்றில் புனித நீராடும் மகாபுஷ்கர விழா நடந்தபோது பல துறைகளைச் சுத்தம் செய்து, படிகளைப் பூசி, விளக்குப் போட்டார்கள். மனம் வைத்தால் சில மாதங்களில் செய்துவிடக்கூடிய வேலைதான் இது என்று அப்போதே எல்லோரும் கண்ணால் கண்டோம். விழா முடிந்த பிறகு பராமரிக்க யாரையும் நியமிக்காததால், அடுத்தடுத்து வந்த மழையிலும், 2023 டிசம்பர் வெள்ளத்திலும் அந்த வேலையில் பெரும்பகுதி போய்விட்டது.

கூட்டம் அதிகம் போகாத ஓர் இடத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கடனாநதி வந்து தாமிரபரணியில் சேரும் இடத்தில் இருக்கிறது திருப்புடைமருதூர். நாறும்பூநாதர் கோயிலின் கோபுரத்துக்குள் நிலை நிலையாக ஏறிப் போனால் மரச் சிற்பங்களும் சுவரோவியங்களும் இருக்கின்றன. கோயிலைச் சுற்றியும் கரையிலும் நிற்கும் பழைய மரங்களில் பறவைகள் கூடு கட்டுவதால், 2005-ஆம் ஆண்டில் இந்த ஊரைப் பறவைகள் காப்பிடமாக அரசு அறிவித்தது. தை, மாசியில் விடியற்காலையில் போனால், மஞ்சள்மூக்கு நாரைகள் குச்சிகளைக் கவ்விக்கொண்டு வந்து கிளையில் இறங்குவதையும், நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருப்பதையும், இரவெல்லாம் மீன் பிடித்துவிட்டு வக்காக்கள் தூங்கப் போவதையும் துறையில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். ஒரு முறை, இரண்டு ஆறும் சேரும் இடத்துக்குச் சற்று மேலே, நான்கு நீர்நாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு முழுகியதை நான் பார்த்தேன். இதற்கெல்லாம் நுழைவுச்சீட்டு தேவையில்லை, வரிசையும் தேவையில்லை. சத்தம் போடாமல் உட்காரத் தெரிந்தால் போதும்.

அதேபோல, கன்னடியன் கால்வாய்க் கரையில் கல்லிடைக்குறிச்சியிலிருந்து வீரவநல்லூர், சேரன்மகாதேவி வழியாகப் பத்தமடை வரை மிதிவண்டியில் போகிற சுகத்தை இளைஞர்கள் அறியவேண்டும். வழியில் காருகுறிச்சியில் மண்பானை வனைகிறார்கள். பத்தமடையில் கோரையைச் சன்னமாகக் கிழித்துப் பாய் நெய்கிறார்கள். கல்லிடைக்குறிச்சியில் வீட்டு முற்றத்தில் அப்பளம் காய்கிறது. திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகும் ரயில் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று வரிசையாக நிற்கிறது. ஆகவே கார் இல்லாதவர்களும் காலையில் வந்து மாலையில் திரும்பலாம். கரையில் மண் அரித்துப்போன இடங்களைச் செப்பனிட்டு, ஊர்ப் பெயரும் தூரமும் எழுதிய கற்களை நட்டால் போதும்.

இப்போது அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஆறு அழகானது என்பது உண்மை. ஆபத்தானது என்பதும் உண்மை. எங்கள் ஊர்ப் பேச்சில் ஆற்றின் ஆழமான இடத்தைக் கசம் என்போம். எந்தத் துறைக்குப் பக்கத்தில் கசம் இருக்கிறது, எங்கே சுழி இழுக்கும் என்று கரையில் வளர்ந்த பிள்ளைக்குத் தெரியும், மதுரையிலிருந்து வருகிற பிள்ளைக்குத் தெரியாது. மணல் அள்ளிய காலத்தில் விழுந்த பள்ளங்கள் வேறு, தண்ணீருக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்லூரி மாணவன் ஒருவன் என் கண்ணெதிரே முழங்கால் தண்ணீரில் நடந்துபோய், அடுத்த அடியில் காணாமல் போனான். கரையில் துணி வெளுத்துக்கொண்டிருந்த ஒருவர் கையிலிருந்த வேட்டியை அப்படியே சுழற்றி வீசி, அதன் முனையை அவன் பற்றிக்கொண்டதால் பிழைத்தான். அவனை வெளியே இழுத்துப் போட்டபோது அவன் வலது காலில் ஒரு பழைய சேலை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. பள்ளம் மட்டும் அவனை இழுக்கவில்லை, அந்தச் சேலையும் சேர்ந்துதான் இழுத்திருக்கிறது. அந்தத் துறையில் எச்சரிக்கைப் பலகை வைக்கும்படி மறுநாளே ஓர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தேன். அது தங்கள் எல்லைக்குள் வராது என்று இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து மூன்றாவது ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். ஆறு ஓர் அரசுத் துறைக்கு, கரை இன்னோர் அரசுத் துறைக்கு, மண்டபம் வேறோர் அரசுத் துறைக்கு என்று பிரித்துக் கொடுத்துவிட்டு, படித்துறைக்கு மட்டும் பொறுப்பாளர் இல்லாமல் விட்டிருக்கிறோம்.

அந்தச் சேலை எங்கிருந்து வந்தது என்பது இப்பகுதியில் எல்லோருக்கும் தெரியும். பாபநாசத்தில் நீராடிவிட்டு உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டால் பாவம் போகும் என்று யாரோ கிளப்பிவிட்ட நம்பிக்கையால், அங்கே விடப்படும் வேட்டிகளும் சேலைகளும் கீழே பல மைல் தூரத்துக்கு மரவேர்களிலும் பாறை இடுக்குகளிலும் சிக்கிக் கிடக்கின்றன. தன்னார்வலர்கள் ஒவ்வொரு முறையும் மூட்டை மூட்டையாக அள்ளுகிறார்கள். மறுவாரம் மறுபடி சேர்ந்துவிடுகிறது. அதே பாபநாசத்தில் கோயிலுக்கு முன்னுள்ள படித்துறையில் மீன்களை யாரும் பிடிப்பதில்லை. குழந்தைகள் பொரி போட, மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறக்கின்றன. மீனைப் பிடிக்காமல் காக்கிற பக்தி, அந்த மீன் நீந்தும் தண்ணீரில் துணியை விடாமல் இருக்கவும் போதுமானது என்று நான் நம்புகிறேன். படியிலேயே துணி போடும் தொட்டிகளை வைத்து, அர்ச்சகர்களையும் தர்ப்பணம் செய்து வைப்பவர்களையும் கொண்டே பக்தர்களிடம் எடுத்துச் சொல்லச் செய்தால் கேட்பார்கள். இந்தத் தண்ணீரைத்தான் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்ட மக்கள் குடிக்கிறார்கள் என்பதையும் அங்கேயே எழுதி வைக்கவேண்டும்.

நான் கேட்பது பெரிய திட்டம் அல்ல. பாபநாசத்துக்கும் சேரன்மகாதேவிக்கும் இடையே, நல்ல நிலையில் மீட்கக்கூடிய பத்துப் படித்துறைகளை முதலில் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் குளிக்கத் தக்க பகுதியைக் கயிறும் மிதவையும் கட்டிப் பிரித்துக் காட்டுங்கள். கசம் உள்ள பக்கத்தில், படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும்படி, ஆள் மூழ்கும் படத்தோடு பலகை வையுங்கள். அணையிலிருந்து மின் உற்பத்திக்கோ பாசனத்துக்கோ கூடுதலாகத் தண்ணீர் விடும்போது மட்டம் மளமளவென்று ஏறும் என்பதால், துறைதோறும் சங்கு ஒலிக்க ஏற்பாடு செய்யுங்கள். 1992 நவம்பரில் இரவோடிரவாக வந்த வெள்ளம் இந்தக் கரை ஊர்களில் எத்தனை வீடுகளை அழவைத்தது என்பதை அறிந்தவர்கள், எச்சரிக்கைச் சங்கை வீண் செலவு என்று சொல்லமாட்டார்கள். நீச்சல் தெரிந்த உள்ளூர் இளைஞர்கள் இருவரை விடுமுறை நாள்களில் சம்பளத்துக்கு நிறுத்துங்கள்.

பெண்களுக்கு உடை மாற்ற ஓர் அறையும் கழிப்பறையும் கட்டாயம் வேண்டும். இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விடுமுறைக்கு வரும் குடும்பங்களில் ஆண்களும் பிள்ளைகளும் குளித்துக் கும்மாளமிட, பெண்கள் கரையில் பை, செருப்புகளுக்குக் காவலாக உட்கார்ந்திருப்பதை எத்தனையோ ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். ஈரச் சேலையோடு எங்கே போய் மாற்றுவது என்ற கவலையால்தான் அவர்கள் தண்ணீரில் இறங்குவதில்லை. அவர்களுக்கும் அது விடுமுறை நாள்தானே.

பராமரிப்பை யார் செய்வது என்றால், அந்தந்த ஊர் மக்களே செய்யட்டும், வருமானமும் அவர்களுக்கே சேரட்டும். கோவை மாவட்டத்தில் பில்லூர் அணையின் நீர்ப்பரப்பை ஒட்டிய பரளிக்காட்டில், முன்பதிவு செய்த அளவான பயணிகளை மட்டும் வார இறுதி நாள்களில் அழைத்துக்கொண்டு, பழங்குடி மக்களே பரிசல் ஓட்டி, அவர்கள் வீட்டுப் பெண்களே சமைத்துப் பரிமாறும் ஏற்பாட்டை வனத்துறை நடத்திவருகிறது. எங்கள் பகுதியிலேயும் 1990-களில் புலிகள் காப்பகத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் கிராமக் குழுக்கள் அமைத்து, விறகுக்குக் காட்டை நம்பியிருந்த குடும்பங்களுக்கு வேறு தொழில் செய்யக் கடன் கொடுத்தார்கள். குழுவாகச் சேர்ந்து வேலை செய்வது எங்கள் பெண்களுக்குப் புதிதல்ல. ஒரு படித்துறையை ஒரு மகளிர் குழுவிடம் ஒப்படைத்து, வாகனம் நிறுத்தும் கட்டணத்தையும், கூட்டாஞ்சோறும் சொதியும் சுக்குக் காபியும் விற்கும் உரிமையையும் அவர்களுக்கே கொடுத்தால், அந்தத் துறையில் ஒரு புட்டி உடைய விடமாட்டார்கள்.

கூட்டத்தை இப்படிக் கரையெங்கும் பரப்பினால் ஆறு முழுவதும் கெட்டுவிடாதா என்று என் நண்பர்களே கேட்கிறார்கள். அந்த அச்சம் எனக்கும் உண்டு. ஆனால் மக்கள் வருவதை நாம் தடுக்க முடியாது, இப்போதே வருகிறார்கள். காவலும் கழிப்பறையும் இல்லாத இடங்களில், மறைவான புதர்களுக்குப் பின்னால், இஷ்டம்போல வருகிறார்கள். ஆள் நடமாட்டமில்லாத மண்டபத்தில்தான் புட்டி உடைகிறது. குடும்பங்கள் உட்கார்ந்து சாப்பிடும் மண்டபத்தில் உடைவதில்லை. ஆனாலும் சில எல்லைகளை முதலிலேயே வகுத்துவிடவேண்டும். பறவைகள் கூடு கட்டும் மாதங்களில் திருப்புடைமருதூரில் ஒலிபெருக்கியும் பட்டாசும் கூடாது. சோப்பு, ஷாம்பு, கண்ணாடிப் புட்டி, ஒரு முறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் எதுவும் படியிறங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கரையை ஒட்டித் தனியார் தங்கும் விடுதிகள் கட்ட அனுமதி தரவே கூடாது. ஆற்றைப் பார்த்த அறை என்று விளம்பரம் செய்ய ஒரு சுவர் எழுந்துவிட்டால், ஊராருக்கு ஆற்றுக்குப் போகும் பாதை அடைபடும். கழிவு நீர் எந்தப் பக்கம் போகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. இரவு தங்க விரும்புகிறவர்களுக்கு அம்பாசமுத்திரத்திலும் கல்லிடைக்குறிச்சியிலும் பூட்டிக் கிடக்கும் பழைய ஓட்டு வீடுகளே போதும். முற்றமும் திண்ணையும் உள்ள அந்த வீடுகளை உரிமையாளர்கள் செப்பனிட்டு வாடகைக்கு விட, அரசு ஒரு எளிய உரிம முறையைக் கொண்டுவரலாம்.

இந்த வேலைக்கு ஏற்ற காலம் ஆண்டில் சில வாரங்கள்தான் கிடைக்கும் என்பதை மாவட்ட நிர்வாகத்தின் கவனத்துக்குத் தங்கள் நாளிதழ் வழியாகக் கொண்டுவர விரும்புகிறேன். பிசான அறுவடை முடிந்து, கால்வாய்களில் தண்ணீர் அடைபட்டு, ஆற்றிலும் மட்டம் தாழ்ந்திருக்கும் சித்திரை, வைகாசியில்தான் தண்ணீருக்கு அடியிலுள்ள படிகள் வெளியே தெரியும். பள்ளங்களை அளந்து பார்க்கவும் முடியும். ஜூன் முதல் தேதியை ஒட்டிக் கார் சாகுபடிக்கு அணை திறந்துவிட்டால், பிறகு சாரலும் பெருக்குமாக ஐப்பசி, கார்த்திகை வரை ஆற்றில் கை வைக்க இயலாது. எனவே படித்துறைகளைப் பார்வையிடும் பணியை இந்தப் பங்குனியிலேயே தொடங்கவேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். பார்வையிட வரும் அதிகாரிகளுக்குத் துறை துறையாக வழிகாட்டிக் கூட வருவதற்கு, என்னுடைய பழைய மிதிவண்டியோடு நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
கல்லிடைக்குறிச்சி.